வெள்ளோட்டம் ஓர் ஊரில், தேரோட்டம் வேறோர் ஊரில்

புதிதாகச் செய்த தேரையோ பழுது பார்த்த தேரையோ திருவிழாவுக்கு முன் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது வழக்கம். வெள்ளோட்டம் என்பார்கள். தேரில் உற்சவர் மட்டும் இருக்கமாட்டார். மற்றதெல்லாம் உண்மை: அதே சக்கரம், அதே வடம், அதே நான்கு வீதி, முனை திரும்பும்போது முட்டுக்கட்டை கொடுக்கிற அதே ஆட்கள். எந்த முனையில் தேர் தயங்குகிறது, எந்த மின்கம்பியை அவிழ்க்க வேண்டும் என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும்.

மென்பொருளில் அந்த வசதி கிடைப்பதில்லை. அங்கே வெள்ளோட்டம் வேறோர் ஊரில் நடக்கிறது. அந்த ஊரின் வீதிகள் நம் வீதிகளைப் போலவே வரையப்பட்டிருக்கும், ஆனால் அவை நம் வீதிகள் அல்ல. அங்கே நன்றாக ஓடிய தேரைப் பிரித்து, பாகம் பாகமாகக் கொண்டுவந்து, நம் ஊரில் பூட்டி, அன்றைக்கே சாமியை ஏற்றி இழுக்கிறோம். 'சோதித்துப் பார்த்தபோது ஓடியதே' என்று மறுநாள் ஒருவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தால், காரணம் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் இருக்கும்.

அலுவலகங்களில் ஆட்கள் கையால் செய்துவந்த தொடர் வேலைகளை மென்பொருளிடம் ஒப்படைப்பதைப் பணியோட்டம் என்று இங்கே சொல்கிறேன். வாடிக்கையாளரின் புகார் பதிவானால் உரிய பிரிவுக்கு அனுப்ப வேண்டும். மூன்று நாளில் பதில் போகவில்லை என்றால் மேலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். விற்பனையாளர் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தள்ளுபடி கொடுத்தால் ஒப்புதல் வரும்வரை நிறுத்திவைக்க வேண்டும். இவற்றை இன்று நிரல் எழுதத் தெரியாதவரும் கட்டங்களையும் அம்புக்குறிகளையும் திரையில் இழுத்துப்போட்டுக் கட்டிவிட முடிகிறது. அது பெரிய வரம் என்றே நினைக்கிறேன். வேலையை அறிந்தவரே வேலையின் ஓட்டத்தை வரைகிறார். ஆனால் வரைந்து, சோதித்து, பச்சைக் குறி வந்ததும் வேலை முடிந்தது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. சோதனைத் தளத்திலிருந்து, பயனர்கள் உண்மையில் வேலை பார்க்கும் நேரடித் தளத்துக்குக் கொண்டுசெல்வது ஒரு பொத்தானை அழுத்தும் வேலையாகத் தெரிகிறது. உண்மையில் அது தனியான ஒரு வேலை. வரைந்ததற்கு ஆன நேரத்தில் பாதியாவது அதற்கும் கேட்கும்.

நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர், விற்பனை விவரங்களைக் கையாளப் பயன்படுத்தும் இணையவழி மென்பொருளான சேல்ஸ்ஃபோர்ஸை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். அதன் பணியோட்டக் கருவிக்கு ஃப்ளோ என்று பெயர். அதற்கு முன்பிருந்த 'வொர்க்ஃப்ளோ ரூல்', 'பிராசஸ் பில்டர்' ஆகிய இரண்டு பழைய கருவிகளுக்கும் 2025 டிசம்பர் 31 வரைதான் ஆதரவு என்று அந்த நிறுவனம் அறிவித்தது. அதனால் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த விதிகளைச் சோதனைத் தளத்தில் ஃப்ளோவாக மாற்றிக் கட்டி நேரடித் தளத்துக்குக் கொண்டுசெல்லும் வேலை எத்தனையோ அலுவலகங்களில் நடந்தது. மைக்ரோசாஃப்டின் பவர் ஆட்டோமேட்டிலும் இதே கேள்விகள் எழும். சென்னையில் வளர்ந்த ஸோஹோவின் கிரியேட்டரில், உருவாக்கும் நிலை, சரிபார்க்கும் நிலை, நேரடி நிலை என்று மூன்று படிகளே வைத்திருக்கிறார்கள். கருவிகளின் பெயர் மாறும். இடைவெளி எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

சேல்ஸ்ஃபோர்ஸில் சோதனைத் தளத்தைச் சாண்ட்பாக்ஸ் என்பார்கள். அதில் நான்கு வகை உண்டு. டெவலப்பர் வகையில் 200 எம்பி தரவுக்கு இடம், டெவலப்பர் புரோவில் 1 ஜிபி. இந்த இரண்டிலும் நேரடித் தளத்தின் அமைப்புகள் நகலாகும், தரவு நகலாகாது. பார்ஷியல் வகையில் 5 ஜிபி வரை மாதிரித் தரவு வரும். ஃபுல் வகையில் அத்தனை தரவும் வரும், ஆனால் ஒருமுறை புதுப்பித்தால் அடுத்த முறைக்கு 29 நாள் காத்திருக்க வேண்டும். ஃபுல் வகைக்கு விலையும் அதிகம். ஆகவே பெரும்பாலான பணியோட்டங்கள் 200 எம்பி தளத்தில், கட்டியவரே உட்கார்ந்து தட்டச்சு செய்த பத்துப் பதினைந்து பொய்யான வாடிக்கையாளர்களை வைத்துப் பிறக்கின்றன.

அங்கிருந்து எடுத்துச் செல்லப் பலரும் பயன்படுத்தும் வழி 'சேஞ்ச் செட்'. மாற்றங்களை ஒரு மூட்டையாகக் கட்டி, சாண்ட்பாக்ஸிலிருந்து அனுப்பி, நேரடித் தளத்தில் வாங்கி, பிரித்து வைப்பது. இந்த மூட்டைக்குள் அமைப்பு மட்டுமே போகும், தரவு போகாது. ஃப்ளோவின் வரைபடம் போகும். புதிதாக உருவாக்கிய புலம் (பதிவில் ஒரு விவரத்தை நிரப்பும் இடம்), நினைவாக எடுத்து மூட்டையில் வைத்தால் போகும். ஆனால் ஃப்ளோ படித்துப் பார்த்து முடிவெடுத்த பதிவுகள் போகாது.

சோதனையில் தேறியது வரைபடம் மட்டும் அல்ல என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. வரைபடமும் அதைச் சுற்றியிருந்த சூழலும் சேர்ந்துதான் தேறின. மூட்டையில் போவதோ வரைபடம் மட்டும். மீதிப் பாதி நேரடித் தளத்தில் ஏற்கெனவே இருக்கிறது, வேறு வடிவத்தில்.

ஓர் எளிய உதாரணம். தள்ளுபடி வரம்பை ஃப்ளோவுக்குள் எழுதாமல் தனியாக ஓர் இடத்தில் வைப்பது நல்ல பழக்கம். அதற்குச் சேல்ஸ்ஃபோர்ஸில் இரண்டு இடங்கள் உண்டு. 'கஸ்டம் மெட்டாடேட்டா' என்ற இடத்தில் வைத்தால் அந்த மதிப்பு மூட்டையோடு போகும். 'கஸ்டம் செட்டிங்' என்ற இடத்தில் வைத்தால் மதிப்பு தரவாகக் கருதப்படும், ஆகவே போகாது. நேரடித் தளத்தில் பெட்டி மட்டும் போய்ச் சேரும், உள்ளே எண் இருக்காது. சாண்ட்பாக்ஸில் இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்பதால், இரண்டில் எதைத் தேர்ந்தோம் என்ற வேறுபாடு கொண்டுசென்ற பிறகுதான் தெரியவரும்.

இதைவிட ஆழமான குழி ஐடி. சேல்ஸ்ஃபோர்ஸில் ஒவ்வொரு பதிவுக்கும் 15 அல்லது 18 எழுத்துகள் கொண்ட ஓர் அடையாளம் உண்டு, அதுதான் ஐடி. வாடிக்கையாளர் பதிவுக்கு மட்டுமன்றி, பதிவின் வகைக்கும் புகார்கள் போய்ச் சேரும் வரிசைக்கும்கூட. சாண்ட்பாக்ஸில் ஒரு புதிய வகையை உருவாக்கினால் அதற்கு ஓர் ஐடி கிடைக்கும். அதையே மூட்டையில் கட்டி நேரடித் தளத்துக்கு அனுப்பினால் அங்கே வேறோர் ஐடி கிடைக்கும். பெயர் ஒன்று, ஐடி வேறு. ஃப்ளோவின் நிபந்தனைக்குள் அந்த ஐடியை நேராக ஒட்டியிருந்தால் நேரடித் தளத்தில் அது எதையும் குறிக்காத எழுத்துச் சரமாகிவிடும். இதில் இன்னொரு சிக்கல்: சாண்ட்பாக்ஸ் என்பது நேரடித் தளத்தின் நகல் என்பதால், நகலெடுக்கும் முன்பே இருந்த வகைகளின் ஐடி இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கும். பழைய வகைகளுக்கு ஃப்ளோ சரியாக ஓடும், புதியதற்கு மட்டும் ஓடாது. பாதி ஓடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது.

பிழைச் செய்தியும் வராது. நிபந்தனை பொருந்தவில்லை என்று ஃப்ளோ அமைதியாக இருந்துவிடும், அவ்வளவுதான். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒப்பந்தம் முடிவதற்கு முப்பது நாள் முன்பு வாடிக்கையாளருக்கு நினைவூட்டல் அனுப்பும் பணியோட்டம் ஒன்று, புதிய ஒப்பந்த வகைக்கு மட்டும் பல வாரங்கள் ஓடவே இல்லை. கண்டுபிடித்தது நாங்கள் அல்ல. ஒரு வாடிக்கையாளர் ஒப்பந்தம் காலாவதியான பிறகு தொலைபேசியில் அழைத்து, 'ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா' என்று கேட்டார். வராத கடிதத்தைப் பற்றி யாரும் புகார் செய்யமாட்டார்கள். அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை. அதன்பிறகு எந்த ஃப்ளோவைக் கையில் எடுத்தாலும் முதலில் அதற்குள் ஐடி ஒட்டப்பட்டிருக்கிறதா என்றுதான் தேடுவேன். ஒட்டவே கூடாது. பெயரைக் கொடுத்து, ஓடும் நேரத்தில் ஐடியைத் தேடி எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். ஒரு கட்டம் கூடுதலாக வரைய வேண்டியிருக்கும், அதற்குச் சோம்பக் கூடாது.

அளவும் சூழலின் ஒரு பகுதி. சேல்ஸ்ஃபோர்ஸ் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் கட்டமைப்பு என்பதால், ஒரே மூச்சில் நடக்கும் வேலைக்கு அது கடுமையான வரம்புகள் வைத்திருக்கிறது. ஒரு பரிவர்த்தனைக்குள் 100 முறைதான் தரவுத்தளத்தில் தேடலாம், 150 முறைதான் எழுதலாம். ஒரு நிறுவனக் கணக்கின் கீழ் உள்ள தொடர்பு நபர்களை ஒவ்வொருவராக எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு தேடல் செய்யும் சுழற்சி ஒன்று ஃப்ளோவுக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாண்ட்பாக்ஸில் கட்டியவர் உருவாக்கிய கணக்கில் நான்கு பேர்தான் இருப்பார்கள், அழகாக ஓடும். நேரடித் தளத்தில் ஒரு பெரிய வாடிக்கையாளரின் கீழ் 130 பேர் இருந்தால் 101ஆவது தேடலில் நின்றுவிடும். நின்றுவிடுவது மட்டுமல்ல, அதுவரை செய்த அத்தனையும் திரும்பப் பெறப்படும். அந்தக் கணக்கில் தொலைபேசி எண்ணை மாற்றிச் சேமிக்க முயன்ற விற்பனையாளரின் திரையில் புரியாத பிழை ஒன்று வரும், அவரால் சேமிக்கவே முடியாது. மிகப் பெரிய வாடிக்கையாளருக்குத்தான் இது முதலில் நடக்கும் என்பதையும் கவனியுங்கள். சோதனைத் தரவை உருவாக்கும்போதே ஒரு கணக்கையாவது வேண்டுமென்றே பெருக்க வைத்துப் பார்த்திருந்தால் அன்றே பிடித்திருக்கலாம்.

ஆட்களும் அப்படியே. சாண்ட்பாக்ஸில் சோதிப்பவர் நிர்வாகி. அவருக்கு எல்லாப் புலங்களும் தெரியும், எல்லாக் கதவும் திறக்கும். நேரடித் தளத்தில் அதைப் பயன்படுத்தப்போகிறவர் கிளை அலுவலகத்தில் மூன்று புலங்களுக்கு மட்டும் அனுமதி உள்ளவர். திரையில் கேள்வி கேட்டு நடத்திச் செல்லும் வகை ஃப்ளோக்கள் இயல்பாகப் பயனரின் அனுமதிக்குள்தான் ஓடும். அனுமதிகளையும் மூட்டையில் வைக்காமல் புதிய புலத்தை மட்டும் அனுப்பினால், புலம் இருக்கும், பயனருக்குத் தெரியாது. நிர்வாகியாக நூறு முறை ஓட்டிப் பார்ப்பதைவிட, கடைநிலைப் பயனராக உள்ளே நுழைந்து ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது பயன் தரும்.

மின்னஞ்சல் விஷயம் தனியாகச் சொல்லத் தக்கது. புதிய சாண்ட்பாக்ஸ் உருவாகும்போது சேல்ஸ்ஃபோர்ஸ் இரண்டு பாதுகாப்புகளைத் தானே செய்துவிடுகிறது. பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளின் முடிவில் 'இன்வேலிட்' என்ற சொல்லை ஒட்டிவிடுகிறது. வெளியே போகும் மின்னஞ்சலையும், கடவுச்சொல் மாற்றம் போன்ற கணினி அஞ்சல்கள் தவிர, அடைத்துவைக்கிறது. நல்ல ஏற்பாடு. விளைவு என்னவென்றால், மின்னஞ்சல் அனுப்பும் கட்டம் சோதனையில் 'ஓடியிருக்கும்', ஆனால் உண்மையில் எந்த அஞ்சலும் எவரையும் அடைந்திருக்காது. ஒரே ஆளுக்கு மூன்று முறை போகிறதா, வார்ப்புருவில் பெயர் வரவேண்டிய இடம் காலியாக இருக்கிறதா என்று யாரும் கண்ணால் பார்த்திருக்கமாட்டார்கள். இந்த வேலியின் மறுபக்கத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 2021 ஜூன் 17 அன்று எச்பிஓ மேக்ஸ் என்ற இணைய ஒளிபரப்புச் சேவையின் சந்தாதாரர்களுக்குப் போன வெற்று மின்னஞ்சல் சாட்சி. ஒருங்கிணைப்புச் சோதனை அஞ்சல் எண் 1 என்பதுதான் அதன் தலைப்பு. சோதனை அஞ்சல் உண்மையான மனிதர்களின் பெட்டிக்குப் போய்விட்டது. அங்கே சேதம் இல்லை, மக்கள் கனிவாகவே எடுத்துக்கொண்டார்கள். அதே வழியில் 'உங்கள் கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது' என்ற அஞ்சல் போயிருந்தால் கதை வேறு.

சரி, மூட்டை நேரடித் தளத்துக்கு வந்துவிட்டது. இப்போது ஃப்ளோ ஓடத் தொடங்கிவிடுமா? இயல்பாக ஓடாது. நேரடித் தளத்தில் வந்திறங்கும் ஃப்ளோ உறங்கும் நிலையில்தான் வரும், ஒருவர் போய் எழுப்ப வேண்டும். இது தெரியாமல், அனுப்பிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்து, வாரக்கணக்கில் பழைய பதிப்பே ஓடிக்கொண்டிருந்த இடங்கள் உண்டு. வந்திறங்கும்போதே விழித்திருக்கும்படி ஓர் அமைப்பை மாற்றவும் முடியும். ஆனால் அப்படிச் செய்தால் சேல்ஸ்ஃபோர்ஸின் நிரல்மொழியான ஆப்பெக்ஸில் எழுதப்பட்ட சோதனைகள் ஃப்ளோக்களில் குறிப்பிட்ட விழுக்காட்டையாவது தொட்டிருக்க வேண்டும் என்று அது கேட்கும். இயல்பான அளவு 75 விழுக்காடு. திரை வகை ஃப்ளோக்கள் இந்தக் கணக்கில் வராது.

இதில் என் கருத்து தெளிவானது. உறங்கும் நிலையில் வந்திறங்குவது குறை அல்ல, அந்தக் கருவியில் உள்ள மிக நல்ல ஏற்பாடுகளில் ஒன்று. கொண்டுசேர்ப்பதையும் ஓடவிடுவதையும் அது இரண்டு வேலைகளாகப் பிரித்துத் தருகிறது. முதல் வேலையை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். மூட்டையில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் அப்போதே தெரியும், எவருக்கும் பாதிப்பு இல்லை. உறங்குகிற ஃப்ளோவை நேரடித் தளத்தின் உண்மையான பதிவு ஒன்றின் மீது பிழைதிருத்தும் முறையில் ஓட்டிப் பார்க்கவும் முடியும், எழுதிய மாற்றங்களைத் திரும்பப் பெறும் வசதியோடு. வெள்ளோட்டத்துக்கு மிக அருகில் வருவது அந்தக் கணம்தான்: நம் வீதியில், நம் வடத்தில், சாமி இல்லாமல். ஆனால் அந்த ஃப்ளோ வெளியே வேறோர் அமைப்பைக் கூப்பிட்டால் அந்தக் கூப்பீட்டைத் திரும்பப் பெற முடியாது. அத்தகைய ஃப்ளோவில் எச்சரிக்கை வேண்டும்.

எழுப்புவதற்கு முன் செய்யவேண்டிய, ஆனால் அடிக்கடி மறந்துபோகிற ஒன்று, பழையதை உறங்கவைப்பது. சேஞ்ச் செட்டால் சேர்க்க முடியும், மாற்ற முடியும், நீக்க முடியாது. சாண்ட்பாக்ஸில் பழைய விதியை நீங்கள் அழித்துவிட்டு அதன் இடத்தில் ஃப்ளோ கட்டியிருப்பீர்கள். மூட்டையில் ஃப்ளோ மட்டும்தான் வரும், அழித்த செய்தி வராது. நேரடித் தளத்தில் பழைய விதி விழித்தபடியே இருக்கும். பக்கத்தில் புதிய ஃப்ளோவும் விழித்தால் ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு அஞ்சல், ஒரே புகாருக்கு இரண்டு பணிகள், சில சமயம் ஒன்று எழுதியதை மற்றொன்று மாற்றி எழுதும் சண்டை. பழைய கருவிகளிலிருந்து மாறும் காலத்தில் இந்தச் சண்டைக்கு வாய்ப்பு மிக அதிகம்.

செத்ததாக நினைத்த பழைய விதி விழித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு, இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒருமுறையாவது முழுமையாகப் படிக்கவேண்டிய நிகழ்வு ஒன்று உண்டு. அது நடந்தது அமெரிக்கப் பங்குச் சந்தையில்.

நைட் கேபிட்டல் என்ற நிறுவனம் பங்குகளை வாங்கவும் விற்கவும் சொல்லும் ஆணைகளைத் தானியங்கியாகச் சந்தைக்கு அனுப்பிவந்தது. நியூயார்க் பங்குச் சந்தை 2012 ஆகஸ்ட் 1 அன்று ஒரு புதிய திட்டத்தைத் தொடங்கவிருந்ததால், அதற்கேற்ற புதிய நிரலை நைட் எழுதிச் சோதித்தது. ஜூலை 27 முதல் அதைத் தன் எட்டுச் சேவையகங்களிலும் படிப்படியாக ஏற்றத் தொடங்கியது. ஏற்றிய தொழில்நுட்பப் பணியாளர் எட்டில் ஒன்றை விட்டுவிட்டார். வேறொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துபூர்வமான நடைமுறை அங்கே இல்லை. அந்த எட்டாவது சேவையகத்தில் 2003ஆம் ஆண்டிலேயே பயன்பாட்டை நிறுத்திவிட்ட 'பவர் பெக்' என்ற பழைய நிரல் அழிக்கப்படாமல் கிடந்தது. புதிய நிரலை இயக்கவேண்டும் என்று சொல்ல, எந்தக் குறியீட்டைப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? ஒருகாலத்தில் பவர் பெக்கை எழுப்பிய அதே குறியீட்டை.

காலை 9.30க்குச் சந்தை திறந்தது. ஏழு சேவையகங்கள் புதிய வேலையைச் செய்தன. எட்டாவது, பழைய நிரலை எழுப்பிவிட்டது. ஆணை நிறைவேறியதா என்று எண்ணி நிறுத்தும் பகுதியை 2005இல் வேறிடத்துக்கு மாற்றியிருந்தார்கள், ஆகவே அந்தப் பழைய நிரலுக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை. வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த 212 ஆணைகளுக்காக அது சுமார் 45 நிமிடத்தில் சந்தைக்கு லட்சக்கணக்கான ஆணைகளை அனுப்பியது. 154 நிறுவனப் பங்குகளில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்கள் முடிந்தன, கைமாறிய பங்குகள் 39.7 கோடிக்கும் மேல். நட்டம் 46 கோடி டாலருக்கும் அதிகம். மறு ஆண்டே அந்த நிறுவனம் கெட்கோ என்ற வேறொரு நிறுவனத்துடன் இணைந்துவிட்டது.

அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 2013 அக்டோபரில் 1.2 கோடி டாலர் அபராதம் விதித்தபோது வெளியிட்ட உத்தரவில் இரண்டு விவரங்கள் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தன. அன்று காலை 8.01 மணியிலிருந்தே, சந்தை திறக்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே, அவர்களின் அமைப்பு 'பவர் பெக் முடக்கப்பட்டுள்ளது' என்ற பிழைக் குறிப்போடு 97 மின்னஞ்சல்களைப் பணியாளர்களுக்கு அனுப்பியிருந்தது. அவை அவசர எச்சரிக்கையாக வடிவமைக்கப்படாத அஞ்சல்கள் என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை. மற்றொன்று, குழப்பத்தின் நடுவே சரிசெய்ய முயன்றவர்கள், சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏழு சேவையகங்களிலிருந்து புதிய நிரலை அகற்றினார்கள். அதனால் அந்த ஏழிலும் பழைய நிரல் விழித்துக்கொண்டது. பின்வாங்கும் வழியைச் சோதிக்காததால் பின்வாங்கியதே சேதத்தைப் பெருக்கியது.

இந்த இரண்டுக்கும் நம் சின்னப் பணியோட்டங்களில் நேரடியான இணை உண்டு. ஃப்ளோ தோல்வியடைந்தால் சேல்ஸ்ஃபோர்ஸ் ஒரு மின்னஞ்சல் அனுப்பும். யாருக்கு? இயல்பான அமைப்பில், அந்த ஃப்ளோவைக் கடைசியாக மாற்றியவருக்கு. நேரடித் தளத்தைப் பொறுத்தவரை கடைசியாக மாற்றியவர் மூட்டையைப் பிரித்துவைத்தவர். அது பெரும்பாலும் கொண்டுசெல்வதற்கென்றே வைத்திருக்கும் ஒரு பொதுக் கணக்கு, அதன் அஞ்சல் பெட்டியை யாரும் திறப்பதில்லை. கட்டியவருக்கும் செய்தி போகாது, பயன்படுத்துகிறவருக்கும் போகாது. பிழை அறிவிப்பு யாருக்குப் போக வேண்டும் என்று தனியாகக் குறிப்பிடும் அமைப்பு இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. எழுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் அதைச் செய்யவேண்டும், அதோடு ஒருமுறை வேண்டுமென்றே சாண்ட்பாக்ஸில் ஃப்ளோவைத் தோற்கடித்து அந்த அஞ்சல் ஒரு மனிதக் கையில் வந்து சேர்கிறதா என்று பார்க்கவேண்டும்.

பின்வாங்குவது பார்வைக்கு எளிது. ஒரு ஃப்ளோவுக்கு 50 பதிப்புகள் வரை சேமித்துவைக்கலாம், அதில் ஒன்றுதான் ஒரு நேரத்தில் விழித்திருக்கும். புதிய பதிப்பு கெடுதல் செய்தால் பழைய பதிப்பை எழுப்பிவிட்டால் போதும், ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் அதனால் திரும்புவது வரைபடம் மட்டுமே. புதிய பதிப்பு ஓடிய இரண்டு மணி நேரத்தில் தவறாக மாற்றி எழுதிய 3,000 பதிவுகள் அப்படியே இருக்கும். போன அஞ்சல் போனதுதான். இன்னொன்று, காத்திருக்கும் ஓட்டங்கள். 'மூன்று நாள் பொறுத்து அனுப்பு' என்று இடையில் நின்று காத்திருக்கும் ஃப்ளோ ஓட்டம் எந்தப் பதிப்பில் தொடங்கியதோ அந்தப் பதிப்பிலேயே முடியும். திங்கட்கிழமை தவறான பதிப்பை ஓடவிட்டு, செவ்வாய்க்கிழமை சரிசெய்தாலும், திங்கட்கிழமை கிளம்பிய ஓட்டங்கள் வியாழக்கிழமை விழித்து அதே தவறைச் செய்யும். காத்திருப்பவற்றின் பட்டியலைத் திறந்து அவற்றை நீக்கினால் மட்டுமே அது நிற்கும்.

ஆகவே எழுப்புவதற்கு முன், அந்த ஃப்ளோ தொடக்கூடிய பதிவுகளின் இன்றைய நிலையை ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொள்வது என் வழக்கம். பெரிய நிறுவனங்களில் இதற்கென்று விலையுயர்ந்த கருவிகள் உண்டு. சிறிய இடங்களில், பதிவுகளை மொத்தமாக ஏற்றவும் இறக்கவும் உதவும் டேட்டா லோடரும் ஒரு சாதாரணக் கோப்பும் போதும். அதோடு, ஃப்ளோவின் வாசலிலேயே 'இந்தப் பயனருக்கு இந்தச் சிறப்பு அனுமதி இருந்தால் ஓடாதே' என்ற நிபந்தனையை வைத்துவிடுவேன். பல்லாயிரம் பதிவுகளை ஒரேயடியாக ஏற்றுகிறவர் அந்த அனுமதியோடு ஏற்றினால் ஃப்ளோ விலகிக்கொள்ளும். தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுக்கிறவர் தேரை இழுப்பதில்லை, ஆனால் அவர் இல்லாமல் யாரும் வடத்தைத் தொடமாட்டார்கள்.

பெரிய இடங்களும் இந்த இடைவெளியில் விழுந்திருக்கின்றன. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய தளத்துக்கு மாற்றியபோது வாடிக்கையாளர்கள் பலர் வங்கிச் சேவைகளைப் பயன்படுத்த முடியாமல் தவித்தார்கள். பின்னர் வந்த தனி விசாரணை அறிக்கை கண்டுபிடித்தவற்றுள் ஒன்று: இரண்டு தரவு மையங்கள் சேர்ந்து இயங்கும் அமைப்பில், சுமைச் சோதனை ஒரு மையத்தில் மட்டும் நடந்திருந்தது. 2022 டிசம்பரில் வங்கிக்கு 4.86 கோடி பவுண்டுக்கும் மேல் அபராதம். அங்கே சோதனை நடக்காமல் இல்லை. சோதனை நடந்த இடமும் மக்கள் வந்து நின்ற இடமும் ஒன்றாக இல்லை.

கடைசியாக நேரம். நம் ஊரில் இந்த வேலையைச் செய்கிறவர்களில் மிகப் பலர் அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களுக்காகச் செய்கிறார்கள். அமெரிக்காவின் இரவு நமக்குப் பகல். பயனர்கள் உறங்கும்போது மாற்றிவிடலாம் என்பது வசதியான ஏற்பாடாகத் தோன்றுகிறது. சென்னையிலோ கோவையிலோ பகல் முழுக்க வேலை பார்த்து, மூட்டையை ஏற்றி, எழுப்பி, 'முடிந்தது' என்று மாலை ஆறு மணிக்கு அஞ்சல் அனுப்பிவிட்டு அந்தப் பெண்ணோ பையனோ பஸ் பிடிக்கிறார். கோடைகாலத்தில் நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே மாலை ஆறரை. அதாவது ஃப்ளோவை முதல் பயனர் தொடும் நேரமும், அதன் உள்ளும் புறமும் தெரிந்த ஒரே ஆள் வீட்டுக்குப் போகும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன. அங்கே தவறு தெரியவரும்போது இங்கே இரவு பத்து மணி. தொலைபேசியில் கூப்பிட்டு எழுப்பப்படும் அந்த இளைஞர் களைத்த கண்ணோடு பின்வாங்கும் பொத்தானைத் தேடுகிறார். நைட் கேபிட்டலில் ஏழு சேவையகங்களிலும் புதிய நிரலை அகற்றியவர்களும் இப்படியான நெருக்கடியில்தான் இருந்தார்கள்.

இதை மாற்றுவது திட்டமிடுகிறவர்களின் கையில் இருக்கிறது. மூட்டையைப் பகலில் ஏற்றட்டும், உறங்கும் நிலையிலேயே கிடக்கட்டும். எழுப்புவதை அங்கே காலை ஒன்பதரைக்கு, வாரத்தின் நடுநாள் ஒன்றில், வாடிக்கையாளர் பக்கத்து மேற்பார்வையாளர் ஒருவர் இணைப்பில் இருக்கும்போது செய்யட்டும். கட்டியவர் அன்று மதியத்துக்கு மேல் வேலைக்கு வரட்டும், முதல் இருபது முப்பது பதிவுகள் ஓடி முடிவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகட்டும். போவதற்கு முன் இரவுப் பணியில் இருப்பவரிடம் ஒரே ஒரு தாள் கொடுத்தால் போதும்: இன்று எழுப்பிய ஃப்ளோவின் பெயர், திரும்பவேண்டிய பதிப்பின் எண், உறங்கவைத்த பழைய விதியின் பெயர், காத்திருக்கும் ஓட்டங்களின் பட்டியல் எங்கே இருக்கிறது, எழுப்புமுன் இறக்கிய கோப்பு எந்தக் கோப்புறையில், எந்தத் தவறு என்றால் தன்னை எழுப்பலாம், எது விடியும்வரை பொறுக்கும்.